சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அப்பா கதைக்கத் தொடங்கினால் கையிலிருக்கும் தேநீர் ஆறிப்போகும். உரும்பிராயில் வேறெந்த வளவிலும் அப்படியொரு இனிப்புத் தண்ணீர் கிடையாது என்பது அவருடைய கட்சி. வல்வெட்டித்துறையில் வாழ்க்கைப்பட்டிருந்த சின்னம்மாவைப் பிரசவம் முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்ததும் அந்தத் தண்ணீருக்காகத்தான். அங்கே அவர்களுடைய கிணறு உவர்.

சின்னம்மாவுக்குப் பால் போதவில்லை. பிள்ளைக்கு மாப்பால் கரைத்துக் கொடுக்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். கிருமி என்றால் அம்மாவுக்கு அப்படியொரு பயம். தண்ணீர் கொதித்தால் மட்டும் போதாது. கேத்திலில் அது பாதியாகச் சுண்டும்வரை அடுப்படியை விட்டு அசையமாட்டார். அதுவரை ஒற்றைப் பிள்ளையாக ராச்சியம் நடத்திய எனக்கு அப்போது ஏழு வயது. தலைவாரிவிடக்கூட ஆளில்லாமல் வயிறெரிந்து திரிந்தேன்.

ஒருநாள் காலை பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது. பிள்ளைக்கு யார் நாவற்பழம் கொடுத்தது என்று கேட்டேன். எட்டிப் பார்த்த சின்னம்மா வீரிட்டுக் கத்தினார். அப்பா ஓட்டோ பிடித்துவர, எல்லோரும் ஆசுப்பத்திரிக்குப் பறந்தோம்.

டொக்டர் இளம் பெண். பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, பால் எந்தத் தண்ணீரில் கரைக்கிறீர்கள் என்று கேட்டார். அந்த நிலையிலும் அப்பா விடவில்லை.

"எங்கடை தோட்டக் கிணத்துத் தண்ணிதான். கற்கண்டு மாதிரி இருக்கும், டொக்டர்."

"தோட்டத்திலை என்ன போட்டிருக்கிறியள்?"

"வெங்காயம்."

"வெங்காயத்துக்குப் போடுற பசளை மண்ணுக்குள்ளாலை இறங்கிக் கிணத்திலை கலந்திருக்கும், ஐயா. வாயிலை தெரியாது. உங்களுக்கு ஒண்டும் செய்யாது, பச்சைப்பிள்ளை தாங்காது."

"நான் வடிவாக் காய்ச்சித்தானே குடுத்தனான்," என்றார் அம்மா.

டொக்டர் சற்றுத் தயங்கினார். "உது காய்ச்சினால் போகாது, அம்மா. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடும்."



பிள்ளை தேறி வீட்டுக்கு வந்துவிட்டது. கடையில் வாங்கிய தண்ணீரில் பால் கரைத்தார்கள். அம்மா மட்டும் பிள்ளையைத் தொடவில்லை. தொட்டில் பக்கமே போகாமல், எனக்குத் தலைவாரி இரட்டைப் பின்னல் போட்டு, சோறும் குழைத்துத் தீத்தினார். பிள்ளையோடு அம்மாவுக்குக் கோபம் என்று முடிவுகட்டினேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒரு பின்னேரம் சின்னம்மா பிள்ளையைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் கிடத்தி, பால் போத்தலையும் கையில் கொடுத்தார்.

"எனக்கு வேண்டாமடி. நீயே குடு."

"நீங்கள்தான் குடுக்கவேணும், அக்கா. உங்கடை கையாலை குடிச்சால்தான் எனக்கு நிம்மதி."

பிள்ளை சப்புக்கொட்டிக் குடித்தது. அம்மாவின் கை நடுங்கியது, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சின்னம்மாவும் பக்கத்தில் குந்தியிருந்து அழுதார். பிள்ளைக்குத்தான் சுகம் வந்துவிட்டதே, இவர்கள் ஏன் அழுகிறார்கள்? அம்மாவுக்குக் கை நோகிறதாக்கும் என்று நினைத்து, நான் ஓடிப்போய்ப் போத்தலின் அடியைத் தாங்கிப் பிடித்தேன்.