விடாக்கண்டியும் விரிசல் விட்ட பாட்டில்களும்

பெயிண்ட் கம்பெனி ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. பதினாறு வருடம் அங்கே தரப் பரிசோதனை அறையில் இருந்தவள். டப்பாவைத் திறந்து முகர்ந்தாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாள். அந்த மூக்கை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், பல்கலைக்கழகத்தில் தொழில் தொடர்பு அலுவலகம் என்று புதிதாக ஒன்றைத் திறந்தார்கள். பேராசிரியர்களுக்குத் தெரிந்ததைத் தொழிற்சாலைகளுக்கும், தொழிற்சாலைகளின் தலைவலியைப் பேராசிரியர்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. அலுவலகம் என்பது லிஃப்டுக்கும் ஜெராக்ஸ் அறைக்கும் நடுவில் ஓர் அறை, இரண்டு மேசை. ஒன்றில் இயக்குநர், மற்றதில் அவள்.

முதல் வருடம் பத்தொன்பது கம்பெனிகளின் படியேறினாள். எல்லா இடத்திலும் டீ கொடுத்தார்கள், வேலை கொடுக்கவில்லை.

"டீ குடிக்கவா உனக்குச் சம்பளம்?" என்று கிண்டல் செய்வார், பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்த கணவர்.

"குடிச்சு முடிக்கிற வரைக்கும் பேச விடுறாங்கல்ல. அதான் மெதுவா குடிக்கிறேன்."

இருபதாவது, ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலை. நூறு பாட்டில் வார்த்தால், ஆறி வெளியே வரும்போது பதினைந்தில் கழுத்தோரம் விரிசல். முதலாளி அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"உங்க ஆளுங்க வருவாங்க, பார்ப்பாங்க, அறிக்கை எழுதுவாங்க. என் பாட்டில் அது பாட்டுக்கு விரிசல் விட்டுக்கிட்டே இருக்கும்."

"சரிங்க, அறிக்கை வேண்டாம். விரிசல் விட்டதுல ஒரு மூட்டை கொடுங்க."

மூட்டையைக் கொண்டுவந்து, முப்பது வருடமாகக் கண்ணாடியைப் பற்றியே பாடம் நடத்திவந்த பேராசிரியரின் மேசையில் இறக்கினாள்.

"நான் தொழிற்சாலைக்கெல்லாம் போறதில்லைம்மா" என்றார் அவர்.

"போக வேண்டாம் சார். இதைப் பாருங்க, போதும்."

கண்ணாடிக்குள் இருக்கும் இறுக்கத்தை வண்ணக் கோடுகளாகக் காட்டும் விளக்கு ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு கழுத்துத் துண்டை அதன் கீழ் வைத்தார். ஒரு பக்கம் மட்டும் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அடுத்த துண்டும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"ஒரு பக்கம் சீக்கிரமா ஆறிடுது. இதெல்லாம் லைன்ல எந்த வரிசையில வந்தது?"

"தெரியாது சார்."

"கேட்டுட்டு வாங்க."

"நான் அரைகுறையா கேட்டுட்டு வர்றதுக்கு நீங்களே வந்து கேட்டுடலாமே. வெளியே வண்டி நிக்குது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சரியான விடாக்கண்டிம்மா" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

உலைச் சூட்டில் அரை நாள் நின்றதில் பேராசிரியர் ஆளே மாறிவிட்டார். பாட்டில்கள் ஆறிக்கொண்டே நகரும் நீளமான அடுப்பை ஒரு வருடம் அளந்து பார்க்க வேண்டும், அதைத் தன் ஆய்வு மாணவி செய்வாள் என்றார். மாணவிக்கு முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். பாதியில் விட்ட படிப்பை மறுபடி எட்டிப் பிடித்தவள். முதலாளியும் தலையாட்டிவிட்டார். ஒப்பந்தத்தில்தான் சிக்கியது.

கண்டுபிடிப்பது எதையும் ஐந்து வருடத்துக்கு வெளியே விடக் கூடாது என்று முதலாளி ஒரு வரி சேர்த்திருந்தார். அப்படியென்றால் மாணவி ஆய்வேடு கொடுக்க முடியாது. பட்டமும் ஐந்து வருடம் தள்ளிப்போகும்.

"முதல் ஒப்பந்தம். கொஞ்சம் வளைஞ்சு கொடுங்க" என்றார் இயக்குநர்.

"நான் வளையலாம் சார். அந்தப் பொண்ணோட அஞ்சு வருஷத்தைத் தூக்கிக் கொடுக்க நான் யாரு?"

"இது கைநழுவிப் போனா இந்த ரூமையே மூடிடுவாங்க."

"தெரியும் சார்."

அவளுக்கும் பயம்தான். ஒரு தரம் வேலையைப் பறிகொடுத்தவள். ஆனாலும் கையெழுத்துப் போடாமல் கோப்பை எடுத்துக்கொண்டு மறுநாளே முதலாளி முன்னால் போய் நின்றாள். அந்த வரியை எடுக்க முடியாது என்றார். அடுத்த வாரம் போனாள். முகம் கொடுத்தே பேசவில்லை. மூன்றாவது வாரம் அவரே நாற்காலியைக் காட்டினார்.

"வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்னு பயப்படுறீங்க? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "எதிராளி காப்பியடிச்சா அடிச்சுட்டுப் போறான். என்கிட்ட வாங்குறவங்க, இவன் பாட்டில் உடையுற பாட்டில்னு முடிவு கட்டிட்டா?"

இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு.

"அப்போ ஆய்வேட்டுல உங்க பேரே வராது. முதல்ல நீங்க லைனைச் சரி பண்ணிக்க ஆறு மாசம். அதுக்கப்புறம்தான் வெளியே வரும்."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"இப்பவே."

அவருடைய மேசையில், அவர் கொடுத்த தாளிலேயே எழுதினாள்.

அடுப்பின் ஒரு பக்கச் சுவரில் செங்கல் தேய்ந்து சூடு கசிவதை மாணவி கண்டுபிடித்தாள். செங்கல்லை மாற்றி, காற்றின் வேகத்தையும் திருத்திய பிறகு பதினைந்து மூன்றாகக் குறைந்தது. அந்த மூன்று ஏன் என்பது தனக்குப் பிடிபடவில்லை என்பதையும் அவள் மறைக்காமல் ஆய்வேட்டில் எழுதினாள்.

வாய்மொழித் தேர்வன்று முதலாளி கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "இதெல்லாம் நிஜமான தொழிற்சாலையில எடுத்த அளவுதானா? நம்ப முடியலையே" என்றதும் முதலாளி விருட்டென்று எழுந்துவிட்டார்.

"சார், அது என் ஃபாக்டரி. என் அடுப்பு. வந்து பாருங்க."

அறையே சிரித்தது. அவர் பெயரை மறைப்பதற்கென்றே ஒப்பந்தத்தில் இரண்டு பக்கம் சேர்த்தவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

அலுவலகத்தை யாரும் மூடவில்லை. அதன் பிறகு அவள் முடித்துவைத்த ஒப்பந்தங்கள் முப்பத்து நான்கு. நடுவில் முறிந்தவையும் உண்டு. அப்படி முறிந்த ஒன்றில், கயிறு தொழிற்சாலை நடத்துபவரும் ஒரு பேராசிரியையும் நான்கு வருடமாக முகம் பார்ப்பதில்லை. அது தன்னுடைய தவறு என்றுதான் சொல்வாள். ஓய்வு பெற இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. போன வாரம் இருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்து, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரை, ஒரே நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.