நாற்பத்தொரு கம்புகள்

எங்கள் ஊர்த் துறையின் வாசலில், புதுப்பித்த பிறகு அது எப்படி இருக்கும் என்று காட்டும் பெரிய படப் பலகை ஒன்று நிற்கிறது. அதில், கடலோடு சேர்ந்த எங்கள் புத்தளம் களப்பு கடும் நீலமாக இருக்கிறது. பழைய உப்புக் கிட்டங்கிகள் கண்ணாடிக் கடைகளாகியிருக்கின்றன. நடைபாதையில் ஆட்கள் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். தோணி கட்டும் கம்பு ஒன்றுகூட அந்தப் படத்தில் இல்லை. அதைக் கடக்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

துறையைப் புதுப்பிக்கும் அந்தத் திட்டத்தில்தான் என் மகளுக்கு முதல் வேலை கிடைத்தது. கரையோரம் நடந்து, துறையைப் பாவிப்பவர்களின் விவரம் எடுக்க வேண்டும். ஒரு வருட ஒப்பந்தம். நன்றாகச் செய்தால் நீடிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தனியாக வெயிலில் அலையப்போகிறாளே என்று, பாடசாலை விடுமுறையில் நானும் குடை பிடித்துக்கொண்டு கூடவே போனேன். நான் ஆசிரியை. அந்தத் துறைப் பிள்ளைகள் பலருக்குப் படிப்பித்தவள்.

நாங்கள் போன நாளில் துறை வெறிச்சோடிக் கிடந்தது. சோழகம் என்ற தென்மேற்குக் காற்று இல்லாத மாதங்களில் அப்படித்தான். குடும்பங்கள் தோணிகளோடு பெருங்கடல் பக்கம் போய், வாடி என்ற ஓலைக் குடில் போட்டுத் தங்கிவிடும். காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கும்போது களப்புக்குத் திரும்பும். அதுவரை தண்ணீரில் நட்ட கம்புகள் மட்டும் நிற்கும். ஒவ்வொரு கம்பும் ஒரு குடும்பத்துக்குரியது. ஆள் இல்லாவிட்டாலும் இன்னொருவர் அதில் கயிறு போடமாட்டார். இதற்கு எழுத்து எதுவும் கிடையாது. ஆனால் ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, கம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

“நாப்பத்தொண்டு இரிக்கி, உம்மா. தோணி மூணுதான் நிக்கிது. எத எழுத?”

“படிவத்தில என்ன கேட்டிரிக்கி?”

“கட்டியிரிக்கிற தோணி எத்தினயெண்டு.”

“அப்ப மூணு எண்டு எழுதுங்க.”

“மத்தவங்களும் வந்திருவாங்கதானே?”

“கேட்டதுக்கு மட்டும் எழுதுங்க, மகள். புது வேல. கந்தோர்ச் சேரோட கதைச்சி வம்ப வெலைக்கி வாங்காதீங்க.”

கையைப் பிடித்து அவளைக் கரைக்கு இழுத்தேன். மூன்று என்று எழுதினாள். அதில் பொய் இல்லை. அந்த நினைப்புத்தான் என்னைப் பல நாள் நிம்மதியாகத் தூங்கவைத்தது.

சில மாதங்களில் இயந்திரம் வந்து கம்புகளைப் பிடுங்கிக் கரையில் குவித்தது. புதிய இறங்குதுறையில் உள்ளூர்த் தோணிகளுக்கு ஒதுக்கியிருந்த இடங்கள் மூன்று.

சோழகம் எழும்பித் தோணிகள் திரும்பிய அன்று, அஸர் தொழுகைக்குப் பிறகு, ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் வகுப்பில் படிக்கும் பிள்ளையொன்றின் வாப்பா முன்னால் நின்றார். அவருடைய மனைவியும் வந்திருந்தார்.

“தங்கச்சி, மூணு தோணியெண்டு எழுதினது நீங்களா? நாங்க என்ன, களப்புக்கு விருந்துக்கு வாற ஆக்களா?”

பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: “பலகையில ஐஸ்கிரீம் திங்கிறாங்களே, அவங்களுக்குக் கச்சான் கடல விப்பம், வாங்க.” ஒருவரும் சிரிக்கவில்லை.

“ஓம், நான்தான் எழுதின,” என்றாள் மகள். என் பக்கம் திரும்பவேயில்லை.

நான் குசினித் திரைச்சீலைக்குப் பின்னால் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். முன்னறைக்கு ஐந்து எட்டுக்கூட இருக்காது. நான் போகவில்லை. அவர்கள் போன பிறகு ஆறிப்போன தேத்தண்ணியை வாளியில் ஊற்றினேன்.

அதன் பிறகு மகள் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போவாள். அந்தக் கிழமையே காற்று பலத்தது. கட்ட இடமில்லாமல் நங்கூரத்தில் விட்டிருந்த தோணி ஒன்று புதிய கருங்கல் அணையில் மோதிப் பிளந்தது. எங்கள் வீட்டில் முன்னால் நின்று கேட்ட மனிதரின் தோணி.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி மட்டும் வாசலில் இருந்து பிளந்த தோணியிலிருந்து மீட்ட வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். எழும்பிக் கதிரை எடுத்துப் போட்டார்.

“மகள்ட பிழையில்ல,” என்றேன். “நான்தான் அப்படி எழுதச் சொன்ன.”

“தெரியும், டீச்சர்.” அவர் கைவேலையை நிறுத்தவில்லை. “காலில காயம் எண்டு அந்த முற நான் வாடிக்குப் போகல்ல. புள்ள கம்பத் தொட்டுத் தொட்டு எண்ணினதயும் கண்ட. நீங்க கையப் புடிச்சி இழுத்ததயும் கண்ட.”

“அப்ப அண்டைக்கி ஏன் சொல்லல்ல?”

“திரைக்குக் கீழால உங்கட கால் தெரிஞ்சிச்சி. வெளிய வருவீங்கெண்டு பாத்துக்கிட்டு நிண்ட. புள்ளக்கி முன்னால உம்மாவ எப்படிச் சொல்ற?”

அந்தக் கதிரையிலேயே இருந்து திட்டக் கந்தோருக்குக் கடிதம் எழுதினேன். கம்புகள் நாற்பத்தொன்று, தோணிகள் திரும்பும் காலம், மூன்று என்று எழுதவைத்தது நான். வீட்டுக்கு வந்து மகளிடம் நீட்டினேன். இரண்டு முறை வாசித்தாள். தன் கோப்பைக் கொண்டுவந்து திறந்தாள். அட்டையின் உட்புறத்தில் கம்புகளின் வரிசையைப் பென்சிலால் அன்றே வரைந்து வைத்திருந்தாள்.

“இதயும் சேத்துக் குடுப்பம்,” என்றாள்.

இரண்டையும் கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை. அவளது ஒப்பந்தம் நீடிக்கப்படவுமில்லை. இப்போது வேறு இடங்களில் வேலை கேட்டுப் போகிறாள். என்னோடு நன்றாகத்தான் கதைக்கிறாள். ஆனால் நான் செருப்பைத் தேடினால், “நீங்க வர வேணாம், உம்மா,” என்று சொல்லிவிட்டுக் குடையை மட்டும் வாங்கிக்கொள்கிறாள்.