சோடா வாங்கப் போன ஓட்மார்

ஓட்மார் ஸெண்டர் தன் தோட்டத்துத் திராட்சையில் செய்த சில்வானர் வைன் தகாத வாயில் விழாமல் காப்பதற்கென்றே பிறவி எடுத்தவர். வசந்தத்தில் அவர் வாசலில் பச்சைக் கிளைக்கொத்து தொங்கினால், வீட்டு முன்னறை வைன் கடையாகிவிட்டது என்று ஊருக்கு அர்த்தம். உள்ளே வருகிறவன் என்ன சாப்பிடப் போகிறான் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். வினிகரில் வெங்காயத்தோடு வெந்த சாசேஜ் என்றால் ஓட்மாரின் முகம் மலரும். ஆட்டுப்பால் சீஸுக்கு ஒரு தலையசைப்பு கிடைக்கும். கெட்ச்அப் கேட்ட வூர்ட்ஸ்பர்க் நகரத்து வக்கீலுக்கு, வைத்த கிளாஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு பால் வைத்தார்.

வைனில் இனிப்பு மிஞ்சியிருந்தால், திராட்சை வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியதாக அர்த்தம் என்பது அவர் கொள்கை. அதில் சோடா கலப்பது கொலைக்கு ஒரு படி கீழே.

இப்படிப்பட்டவருக்கு ஹில்ட்ரூட் கோபெல் மேல்தான் மனசு போக வேண்டுமா? மைன் ஆற்றுக்கு அக்கரையில் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டு பயிரிடும் விதவை. ஓட்மாரின் கடைக்குத் தேவையானதைக் காலையில் வேனில் கொண்டுவந்து இறக்குவார். சில்வானரில் பாதிக்குப் பாதி சோடா ஊற்றிக் குடிக்கிறவர் என்பதால், இத்தனை வருஷமாக அவருக்கு ஓட்மார் வீட்டில் காபிதான். ஹில்ட்ரூட் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டுப் போவார்.

இந்த வருஷம் சிக்கல் முற்றியது. ஜூன் கடைசியில் வரும் யோவான் திருநாளோடு அஸ்பாரகஸ் அறுவடை முடிகிறது. முடிந்ததும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வடக்கே தூரத்துப் பிரேமன் நகரிலுள்ள மகளோடு இருக்க ஹில்ட்ரூட் போய்விடப் போவதாகப் பேச்சு. ஓட்மார் திருநாளன்று அவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அக்கா அஃப்ரா முன்கூட்டியே எச்சரித்தார்.

"டேய், கல்யாணப் பேச்சை மட்டும் பேசு. வைன் பிரசங்கம் ஆரம்பிச்சே, அடுத்த வருஷத்துலேர்ந்து உனக்கு டப்பா அஸ்பாரகஸ்தான்."

அஸ்பாரகஸ், புது உருளைக்கிழங்கு, ஹாம், உருக்கிய வெண்ணெய், எல்லாம் மேஜைக்கு வந்தன. ஓட்மார் கல்யாணப் பேச்சுக்குத்தான் வாயைத் திறந்தார். வெளியே வந்ததோ வெண்ணெயின் கனத்தை இந்தப் புளிப்பு எப்படி அறுக்கிறது, அஸ்பாரகஸின் மெல்லிய கசப்போடு மற்ற வைன்கள் எப்படித் தகரம் போல ருசிக்கின்றன என்பது. தன் திராட்சை வளரும் சுண்ணாம்பு மண்ணின் பெருமைக்கு அவர் வந்து சேர்ந்தபோது ஹில்ட்ரூட் மரியாதையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சோடா கிடைக்குமா?"

அப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டுக்குள் சோடா நுழைந்ததில்லை. ஓட்மார் எழுந்தார். தெருவைக் கடந்து, சோடாவும் விற்கும் எதிர்க் கறிக்கடைக்குப் போனார்.

கறிக்கடை புர்க்கார்டு, அவர் சோடா கேட்டதும், வீட்டில் யாருக்காவது வயிறு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்தார்.

"வைன்ல கலக்க," என்றார் ஓட்மார்.

புர்க்கார்டின் கத்தி சாசேஜில் பாதியில் நின்றது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சில்வானரில் சோடா கலப்பவர் யார் என்று ஊருக்கே தெரியும். புர்க்கார்டு காசு வாங்க மறுத்துவிட்டார்.

"கல்யாணப் பரிசா வச்சுக்கய்யா."

பையில்லாமல் சோடாவைத் தூக்கிக்கொண்டு, சவ ஊர்வலத்தில் நடப்பவர் போல ஓட்மார் திரும்பினார். அவருக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. ரொட்டிக்கடைக்காரி ஜன்னலுக்கு வெளியே நின்று ஹில்ட்ரூட்டுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓட்மாரைக் கண்டதும் நழுவினாள்.

"ஊரே எனக்கு வாழ்த்து சொல்லுது," என்றார் ஹில்ட்ரூட். "நீங்க மட்டுந்தான் இன்னும் ஒண்ணும் சொல்லலை."

ஓட்மார் பாட்டிலைப் பிடித்தபடி நின்றார். மண், மழை, புளிப்பு எதுவுமே உதவிக்கு வரவில்லை.

"பிரேமனுக்குப் போகாதீங்க," என்றார். வாழ்நாளில் அவர் ஆற்றிய மிகச் சிறிய உரை அது.

ஹில்ட்ரூட் தன் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

"போகலை. மூடியத் திறங்க, எனக்கு அது வராது."

அவர் திறந்தார். அது சீறிக்கொண்டு சில்வானரில் விழுவதற்குள், மலைச்சரிவில் இருக்கும் தன் திராட்சைக் கொடிகளுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று ஜன்னல் திரையை மட்டும் இழுத்துவிட்டார்.