பாக்கியம் அக்கா மாட்டிவைத்த கடற்கரை

நாவற்குடாவிலிருந்து பாக்கியம் அக்காவின் தம்பி சைக்கிளில் வந்து, வெயிலில் நின்றபடியே செய்தியைச் சொன்னார். அக்கா விடியற்காலையில் கண்ணை மூடிவிட்டாராம். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் அவர் மருத்துவிச்சியாகவும் நான் தாதியாகவும் பல வருடங்கள் ஒரே பிரசவ அறையில் நின்றோம்.

அங்கே பிள்ளை பெற்ற எவருக்கும் அக்கா சுவரில் மாட்டிவைத்த படம் நினைவிருக்கும். மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த ஜப்பான் படம். ஜப்பான் துணி விற்ற காத்தான்குடி வியாபாரி ஒருவர், தமக்கு மகன் பிறந்த மகிழ்ச்சியில் கொடுத்தது. நீலக் கடல், கரையில் படகுகள், பனி மூடிய சிறு கூரைகள். பனியை எங்கள் பெண்கள் எங்கே கண்டார்கள்? ஏறாவூர்ப் பெண் ஒருத்தி உப்பு என்றாள். இன்னொருத்தி நிலவு என்றாள். அக்கா இருவருக்கும் ஓம் என்றார்.

வலி கூடும்போது படத்தைக் காட்டி, "ஒரு வீட்டைப் பாத்து உள்ளுக்குப் போ புள்ள. நான் வாசல்ல நிக்கன்" என்பார். பெண்கள் போனார்கள். கண்கள் அரைவாசி மூடி, மூச்சு அலைபோல ஏறி இறங்க, அந்த வெள்ளைக் கூரைகளுக்குக் கீழே எங்கோ நடந்து திரிந்தார்கள்.

யுத்தம் வந்தது. ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. படத்தைக் கழற்றும்படி பலர் சொன்னார்கள், அக்கா கேட்கவில்லை. சில மாதங்களில் பனிச்சங்கேணியிலிருந்து பூரணம் வந்தாள். துறைமுக வேலைக்குப் போன அவள் கணவன் அந்தக் குண்டில்தான் இறந்திருந்தான்.

வலியின் நடுவே அவள் படத்தைப் பார்த்து, இது எந்த ஊர் என்று கேட்டாள். சொல்ல வேண்டாமென்று நான் கண்ணால் காட்டினேன்.

"ஜப்பான், புள்ள," என்றார் அக்கா, அவள் கையைப் பிடித்தபடி. "கழட்டட்டா?"

"கழட்டுங்க."

என்னைக் கழற்றச் சொன்னார். வெறுஞ்சுவரைப் பார்த்தபடி பூரணம் அழுதாள். அக்கா அவள் கட்டிலை விட்டு அசையாமல் இருந்தார். மத்தியானம் பெண்குழந்தை பிறந்தது.

வீட்டுக்குப் போகும் நாளில் பூரணம் படத்தைக் கேட்டாள். மடியில் பிள்ளையுடன் வெகுநேரம் பார்த்தாள். கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண் கடலைப் பார்த்து நிற்பதை நான் அன்றுதான் கண்டேன். பூரணம் அவள்மேல் விரலை வைத்தாள்.

"இவளும் ஆரையோ பாத்துக்கிட்டுத்தான் நிக்காள், அக்கா. மாட்டுங்க."

மறுபடி மாட்டினோம்.

அக்காவை அறிந்த ஒவ்வொருவரிடமும் அவருடையது ஏதாவது இருக்கும். என்னிடம் இருப்பது இது: தாங்க முடியாத பதிலை ஒருவருக்குச் சொல்ல நேர்ந்தால், சொன்ன பிறகு அந்தக் கட்டிலை விட்டு நான் எழுந்து போவதில்லை.