வாவிக்கரையில் நான் சொன்ன 'இல்லை'

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். மோர்னிங்சைட்டில் எங்கள் பில்டிங் எலிவேட்டர் தானாக நின்றால்கூடக் கதை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் சிரித்துவிட்டுப் படியால் இறங்குவேன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது. பயந்துபோனேன் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ஆனால் எனக்கு வந்தது வெட்கம்.

போன இலையுதிர் காலத்தில் லண்டனிலிருந்து என் கணவரின் தம்பி குகன் வந்திருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் நயாகராவைக் கேட்பார்கள், இவருக்கோ பழைய கோட்டை வேண்டும், முதல் மேயர் இருந்த வீடு வேண்டும், எந்தச் சிலையைக் கண்டாலும் நின்று பலகையைக் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும். கணவருக்கு வேலை என்பதால் நான்தான் சாரதி. என் மகள் ஆரணி, பதினைந்து வயது, வேண்டாவெறுப்பாகப் பின்சீட்டில் ஏறினாள். பின்னேரம் மூன்று மணி போல வாவிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம், தீவு விமான நிலையத்துக்கு எதிரே, முன்பு தானியம் கொட்டி வைத்த பெரிய கொன்கிரீட் தூண்களுக்குப் பக்கத்தில். அங்கே எலும்பும் தோலுமாகச் சில வெண்கல மனிதர்கள் நிற்கிறார்கள். ஒருத்தி மட்டும் நிலத்தில் விழுந்து கிடக்கிறாள்.

"அண்ணி, உவையள் அயர்லாந்துப் பஞ்சத்தில கப்பலேறி வந்த சனம்," என்றார் குகன். "அந்த நேரம் இந்த ஊரில இருந்த ஆக்களைவிடக் கூடின சனம் ஒரே வருசத்தில வந்து இறங்கினதாம். வைத்தியம் பாக்கப் போன டொக்டரும் அதே காய்ச்சலில செத்துப்போனார்."

நான் "ம்ம்" என்றேன். எனக்குப் பசி. அவர் கற்களுக்கிடையில் செதுக்கியிருந்த செத்தவர்களின் பெயர்களை வாசிக்கப் போய்விட்டார், ஆரணி தண்ணீர் ஓரமாகக் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றாள், நான் சிலைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல் திட்டில் உட்கார்ந்து ரோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துத் திறந்தேன். ஸ்காபரோ கடையில் வாங்கிய மட்டன் ரோல்ஸ், இன்னும் சூடு ஆறவில்லை.

இரண்டாவதைக் கடித்திருப்பேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், களைத்த குரல்.

"மகள், பசிக்கிது. தின்ன ஏதும் இருக்கா?"

நான் திரும்பவில்லை. வாயில் ரோல்ஸோடு, "இல்லம்மா, முடிஞ்சி," என்றேன். சொன்னது மட்டுமில்லை, என் கை பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்தது. உள்ளே ஒன்பதோ பத்தோ இருந்தன.

பிறகுதான் உறைத்தது. நான் மட்டக்களப்பு. எங்கள் பக்கத்தில்தான் தெருவில் போகிற பிள்ளையையும் மகள் என்று கூப்பிடுவார்கள். கல்யாணமாகிக் கணவர் வீட்டு யாழ்ப்பாணத் தமிழுக்கு என் நாக்கு பழகி இருபது வருடம். அன்றைக்கு நான் சொன்ன பதில் என் ஊர்ப் பேச்சில், தானாக வந்தது.

திரும்பினேன். யாரும் இல்லை. நம்புங்கள், ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட அந்தப் பக்கம் இல்லை. பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி அந்த வெண்கலப் பெண் கிடந்தாள், அவ்வளவுதான்.

சின்ன வயதில் அகதி முகாமில் தட்டோடு வரிசையில் நின்றவள் நான். அது ஞாபகம் வந்ததும் முகமெல்லாம் கொதித்தது. எழும்பிப் போய் இரண்டு ரோல்ஸை அவளுடைய கைக்குப் பக்கத்தில் வைத்தேன். நான் நிமிர்வதற்குள் நீர்ப்பறவைகள் வந்து அடித்துக்கொண்டன.

குகன் வந்து பார்த்துச் சிரித்தார். "என்ன அண்ணி, படையலோ?"

"கீழ விழுந்திட்டுது," என்றேன்.

திரும்பி வரும்போது ஹைவேயில் வாகனங்கள் ஊர்ந்தன. திடீரென்று பின்சீட்டிலிருந்து ஆரணி கேட்டாள்.

"அம்மா, வை டிட் யூ சே நோ டு ஹெர்?"

"ஆருக்கு?"

"அந்த லேடிக்கு. சாப்பாடு கேட்டா எல்லோ."

கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். "நீ ஆளைக் கண்டனியா?"

"இல்லை, நான் வோட்டரைப் பாத்துக்கொண்டு நிண்டன். வொய்ஸ் மட்டும்தான் கேட்டது."

"தமிழிலயா கேட்டவ?"

"நோ, இங்கிலீஷ்," என்றாள், நான் ஏதோ விசர்க்கேள்வி கேட்டதுபோல.

குகனைப் பார்த்தேன். "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை," என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஷி வாஸ் ஸோ நைஸ், அம்மா," என்றாள் ஆரணி. "நீங்கள் இல்லை எண்டதுக்குப் பிறகு, 'தட்ஸ் ஓகே, டியர், யூ ஈட்' எண்டு சொன்னா. உங்களுக்குக் கேக்கேல்லையா?"

எனக்குக் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் கடைக்கு என்று பொய் சொல்லிவிட்டு நாலைந்து தடவை தனியாக அங்கே போயிருக்கிறேன். அதே கல் திட்டில், அதே மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு, இருட்டும்வரை இருந்திருக்கிறேன். ஆரணிக்குக் கேட்ட அந்த இரண்டாவது வார்த்தை எனக்கும், எங்கள் ஊர்ப் பேச்சில், ஒருதரம் கேட்க வேண்டும். விமானங்கள் இறங்குகிற இரைச்சல்தான் கேட்கிறது.