பத்தாவது புத்தகம்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே எல்லப்பனின் ஜெராக்ஸ் கடை. அவர் கணினியில் பத்து வருடத்து மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகள் கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் பழையதைத் திறந்து, கடைசிப் பக்கத்து நூல்பட்டியலை அப்படியே ஒட்டிக்கொள்வார்கள். எம்.ஏ. வரலாறு படிக்கும் தமிழ்ச்செல்வியும் ஒட்டிக்கொண்டவள்தான். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. பட்டியலில் உள்ளதைப் படித்திருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லவும் ஆளில்லை.

பட்டியலில் பத்தாவது, 'பாலாற்றங்கரை ஏரிகள்'. அவள் ஊர் ஏரியின் மதகு ஒரு காலத்தில் ஒரு பெண்ணின் பொறுப்பில் இருந்ததாக அதன் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறதாம். பழைய ப்ராஜெக்ட் ஒன்று சொன்னது. அந்த ஒரு வரியை நம்பி இரண்டாம் இயலை முழுதாக எழுதிவிட்டாள். அம்மா மங்கம்மாவிடமும் சொல்லிவிட்டாள். மங்கம்மா அதை நூறுநாள் வேலைக்கு எடுத்துப் போனாள்.

"இன்னாடி மதகுக்காரி, தண்ணி எப்ப வுடப்போற?" என்று ஏரியில் மண் வாரும் பெண்கள் கிண்டல் செய்தார்கள். மங்கம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்க்கும் ஆசையில்தான் தமிழ்ச்செல்வி தேடக் கிளம்பினாள். கல்லூரி நூலகத்தில் இல்லை. காஞ்சிபுரத்தில் இல்லை. சென்னைக்கே தனியாகப் போய்க் கேட்டாள். அப்படியொரு நூல் பதிவாகவே இல்லை என்றார்கள். பிறகு எல்லப்பன் கடையில் உட்கார்ந்து பழைய கோப்புகளைப் பின்னோக்கித் திறந்தாள். ஏழு பேர் அந்த நூலை மேற்கோள் காட்டியிருந்தார்கள். முதல் ஆள் தினேஷ்குமார். இப்போது ஒரகடத்தில் கம்பெனி வேலை. அவன் போன் எண்ணை எல்லப்பன் கொடுத்தார்.

"அதுவா?" போனில் சிரித்தான். "பத்து புக்கு போடணும்னாங்க. எங்கிட்ட ஒம்போதுதான் இருந்துச்சு. ஒண்ண நானே வுட்டேன். எட்டு வருசம் கழிச்சு இன்னாம்மா பேஜார் பண்ற?"

"மதகுப் பொம்பள?"

"அதுவுந்தான். நல்லா இருந்துச்சில்ல?"

நன்றாகத்தான் இருந்தது.

பத்தாவதை அழித்தாள். இரண்டாம் இயலும் கூடவே போயிற்று. பிறகு விரல் நின்றது. மீதி ஒன்பதில் தான் திறந்து பார்த்தவை எத்தனை? நேர்மையாக எண்ணினால் நான்கு. தினேஷ்குமாரைத் திட்ட அவளுக்கு என்ன தகுதி? திறக்காத ஐந்தையும் அழித்தாள்.

"இன்னா பாப்பா, நாலுதான் கீது?" அச்சடித்த தாளைப் பார்த்து எல்லப்பன் கேட்டார். "ஊரே போட்டுக்கினு பாஸாயிட்ச்சு. காலேஜ்ல திருப்பிக் குடுத்தா அடுத்த வருசந்தான், தெரியும்ல?"

"தெரியும்ணா. நாலுதான் படிச்சேன்."

வீட்டுக்குப் போனபோது மங்கம்மா கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "நம்ம ஏரி எந்தப் பக்கத்துல கீது? தொட்டுக் காட்டு."

"அது இல்லம்மா. எவனோ சும்மா வுட்டது."

"அப்போ நம்ம ஏரியப் பத்தி யாருமே எழுதலியா?"

"யாரும் எழுதல."

மங்கம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள்.

"நாளைக்கு அவளுங்க மதகுக்காரின்னு கூப்டா நான் திரும்பறதா, வேணாவா?"