விஜயா பதிவு செய்த இரைச்சல்

செய்தி எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறையின் வாட்ஸப் குழுவில் வந்தது. நான் பார்ப்பதற்குள் அதன் கீழே ஒரே ஆங்கில இரங்கல் வாசகத்தை எல்லோரும் நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். விஜயா எப்படி இறந்தார் என்று ஒருவரும் எழுதவில்லை. ஸ்ரீரங்கத்துக்குப் போன் செய்தேன். அவர் கணவர் எடுத்தார்.

"காபி கேட்டா மேடம். போட்டு எடுத்துட்டு வரேன், நாற்காலியில சாஞ்சிருக்கா. தூங்குறான்னு நெனச்சு காபிய மூடி வச்சேங்க."

அப்போதுதான் விஜயா இல்லை என்பது எனக்கு உறைத்தது.

உங்களில் பலர் அவரிடம் ஆங்கிலம் படித்தவர்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மனத்துக்குள் அவரைத் திட்டியவர்கள். கல்லூரி வாங்கி வைத்த பாடப் பதிவில் இருவர் வங்கிக்கு வழி கேட்டுக்கொள்வார்கள். விஜயா அதைத் தொடமாட்டார். "ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் காத்திருக்காங்களாம். எந்த ஊர்லங்க இது?" என்பார். கைலாசபுரத்தில் குடியிருந்த அவர் தம்பி தன் வெளிநாட்டு நண்பரோடு அடிக்கும் அரட்டையையும், கோயிலுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளின் பேச்சையும் அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொண்டு வருவார். மூன்று முறை போடுவார். பேச்சை எழுதிய பேப்பர் தரமாட்டார்.

"மேம், ஒண்ணுமே புரியல."

"ஒண்ணுமேவா? யாருக்குக் கோவம்னுகூடவா தெரியல?"

எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததில்லை. இன்றும் பாதிதான் இருக்கிறது. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் மிரண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். "முதல்ல பேப்பரைக் குடுங்க, அப்புறம் கேக்கட்டும்" என்பேன். "பேப்பரக் குடுத்தா காது மூடிக்கும், பத்மா" என்பார். முடியாத சண்டை அது. பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒரு பதிவில், ரங்கா ரங்கா கோபுரத்தருகே ஒரு வெளிநாட்டுத் தம்பதி செருப்பை எங்கே விட்டோம் என்று சண்டை போடுகிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், நடுவில் ஆட்டோ ஹாரன். மூன்றாவது முறை ஓடும்போது, அதுவரை வாயே திறக்காத ஒரு மாணவி களுக்கென்று சிரித்துவிட்டாள். விஜயா உடனே பதிவை நிறுத்தினார். "சிரிச்சிட்ட இல்ல? போதும். புரிஞ்சிடுச்சு."

போன வாரம் கல்லூரியில் நினைவுக் கூட்டம். அவர் பதிவுகளைச் 'சுத்தம்' செய்து, கணினிக் குரலுக்கு மாற்றி, அவர் பெயரையே சூட்டியிருப்பதாக முதல்வர் அறிவித்தார். மாதிரிக்குச் செருப்புச் சண்டையைப் போட்டார்கள். ஹாரன் இல்லை. கணவன் முடிக்கும்வரை மனைவி பொறுமையாகக் காத்திருந்தாள். அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. கைதட்டினார்கள்.

மொழி ஆய்வகப் பொறுப்பாளரிடம் பழைய பதிவுகளைக் கேட்டேன்.

"சிஸ்டத்துல இடம் இல்லீங்க மேடம், பழசை அழிச்சிட்டோம். இதுதான் தெளிவா இருக்கே?"

முதல்வரிடம் போனேன். "அவங்க பேரைத்தானே வச்சிருக்கோம்?" என்றார். விஜயா வீட்டிலும் தேடியாயிற்று. எல்லாம் ஆய்வகத்தில் பத்திரமாக இருப்பதாக நம்பி அவர் வேறெங்கும் நகல் வைக்கவில்லை. கல்லூரிக்காரர்கள்மேல் எவ்வளவு எரிச்சலோ, விஜயாமேலும் எனக்கு அவ்வளவு எரிச்சல்.

மிஞ்சியது என் போனில் இருக்கும் ஒன்றுதான். சத்திரம் பேருந்து நிலையத்தில், அதே பேப்பர் சண்டையை நாங்கள் ஆங்கிலத்தில் போட்டது. வகுப்புக்காகப் பதிவு செய்து எனக்கும் அனுப்பியிருந்தார். என் திணறல் மாணவர்களுக்கு எதற்கு என்று நான்தான் போட வேண்டாம் என்றேன். நடத்துநர் கத்துகிறார், நான் வார்த்தை தேடுகிறேன், விஜயா குறுக்கே விழுகிறார், சிரிக்கிறார். ஸ்ரீரங்கம் பஸ் வந்துவிட, அவர் கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது.

திங்கட்கிழமை முதல் வகுப்பில் அதை மூன்று முறை போடப்போகிறேன். பேப்பர் கிடையாது. ஒண்ணுமே புரியல என்று யாராவது சொல்வார்கள். யாருக்குக் கோபம் என்று மட்டும் கேட்பேன்.